வண்டி ஓடும் நாள் வரை

இளைய மகன் சந்துருவின் பதினாறாம் நாள் காரியம் நிறைவேறி, வந்திருந்த உறவினர் கை நனைத்துக் கலைந்த பிற்பகலில், குப்பண்ணன் தம் இளைய மருமகளைக் களத்தின் ஓரமாக அழைத்தார். ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாயின் வழியே தடையின்றிப் புகுந்து, வடகரப்பதியின் தோப்புகளை எல்லாம் அலைத்துக்கொண்டிருந்தது. தென்னை மட்டைகள் ஒன்றோடொன்று உரசிய ஓசையில் அவருடைய சொற்களில் பாதி கரைந்துபோயின. எனினும் செல்வப்பிரியாவுக்கு முழுதும் விளங்கிற்று.

"பொறந்த ஊட்டுக்குப் போறதுதான் உனக்கு நல்லது, அம்மணி. வயசு கெடக்குது. கொழந்த குட்டியும் இல்ல. இங்க எங்க மூஞ்சியப் பாத்துட்டே உன்ற காலத்தக் கழிக்கோணும்னு ஒண்ணும் இல்ல."

சூரியநெல்லியில் அவளுடைய அண்ணன் பிரதீப் இருந்தான். தேயிலைத் தோட்டத்து இரண்டறை வீட்டில் தங்கைக்கும் ஒரு பாய் விரிக்க அவன் மறுக்கமாட்டான். இடம் இல்லை என்பதன்று அவள் அச்சம். சந்துரு தலைகீழாக மாட்டிவிட்ட மின்விசிறிப் பொத்தான் இந்த வீட்டில் இருந்தது; மேலே தட்டினால் சுழலும், கீழே தட்டினால் அணையும். நான்கு ஆண்டுகளாக வீட்டார் அனைவரும் அவனைத் திட்டிக்கொண்டே அவ்வாறு தட்டப் பழகியிருந்தனர். அவன் இறந்த பின்னும் ஒவ்வொரு கையும் அவன் விருப்பப்படியே இயங்கியது. அந்தப் பொத்தானைத் தட்டுகிற கைகளின் நடுவில் வாழ்ந்து முடிந்தால் போதும் என்று அவள் எண்ணினாள். இதை மாமனாரிடம் எந்தச் சொல்லால் சொல்வது?

"மாமா," என்றாள், "கொட்டகையில அவரோட வண்டி பாதில கெடக்கு. அத முடிச்சுட்டுப் போறேங்க."

குப்பண்ணன் கொட்டகைப் பக்கம் பார்த்தார்.

"சரி. அது ஓடற அன்னிக்குப் பொறப்படு. அதையே எடுத்துட்டுப் போ. என்ற பையன் ஆசப்பட்டு வாங்குனது, உனக்குத்தான் சேரோணும்."

அவர் கொடியவர் அல்லர். தமக்கு முறை என்று பட்டதைச் செய்பவர்; செய்வேன் என்றதை மாற்றாதவர். வேலந்தாவளத்து மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரல் பற்றிப் பேசி முடித்த எருது, வீடு சேருமுன் நொண்டியபோதும், அதைத் திருப்பிக் கொடுக்காமல் சாகும்வரை வைத்துத் தீனி போட்டவர். அவர் வாயிலிருந்து வந்த சொல், வெட்டிய வாய்க்கால் போல ஒரே திசையில்தான் போகும். அன்று அது அவளுக்கு அரணாகவும் தோன்றியது. வண்டி ஓடும் நாள் வரை அவளை எவரும் போகச் சொல்ல இயலாது.

கொட்டகையில் நின்றது இருவர் மட்டுமே அமரத்தக்க சிறிய விளையாட்டுக் கார். இருபது ஆண்டுகளுக்கு முன் நம் நாட்டிலேயே குறைந்த எண்ணிக்கையில் செய்யப்பட்ட இனம். கண்ணாடி இழையால் வார்த்த உடல், மடித்துவைக்கும் துணிக் கூரை, தரையைத் தொடுவது போன்ற தாழ்ந்த நிலை. திருமணமான ஆண்டில் மனைவியின் ஊருக்குச் சென்ற சந்துரு, ஒரு பழைய துரை பங்களாவின் பின்புறத்தில், தார்ப்பாய்க்குள் எலி குடியிருந்த கோலத்தில் அதைக் கண்டான். கண்டவன் தன் மாமியார் வீட்டு விருந்தையும் மறந்தான். லாரியில் ஏற்றி மலை இறக்கிக் கொண்டுவந்த அன்று, அவன் தாய் ஜானகியம்மாள் வாசலில் நின்று கேட்டது இன்னும் வீட்டில் சிரிப்புக்குரிய பேச்சாக இருந்தது.

"ஏண்டா, ரெண்டு பேரு உக்கார்றதுக்கு ஒரு காரா? நானும் உங்கப்பனும் கவுத்தக் கட்டிட்டுப் பொறகால ஓடி வரதா?"

"நீ முன்னால உக்காரும்மா. இவள ஸ்டெப்னிக்குப் பதிலா பின்னால மாட்டிக்கறேன்."

"மாட்டுவ, மாட்டுவ. மலங்காட்டுப் புள்ள, உருட்டி உட்டா நேரா சூரியநெல்லிக்கே போயிரும்."

அந்த வண்டி அவன் உயிரோடு இருந்தவரை ஓடவே இல்லை. அவன் அவசரப்படவில்லை. பழையதைப் பழையதாகவே மீட்க வேண்டும், ஆனால் மலைச்சாலையில் மனைவியை அஞ்சாமல் அழைத்துப்போகும் அளவுக்கு மெல்ல மேம்படுத்தவும் வேண்டும் என்பது அவன் கொள்கை. அதைச் சொல்லும்போதெல்லாம் கையை ஆட்டி, குழந்தையைத் தூங்கவைப்பவன்போல, "மெல்ல, மெல்ல" என்பான். இயந்திரத்தை இறக்கி ஏற்றினான். துருப்பிடித்த அடிச்சட்டத்தைச் சுரண்டிச் துருத்தடுப்புச் செம்பூச்சு அடித்தான். மின்கம்பிகளை மாற்றத் தொடங்கி, ஒவ்வொரு முனையிலும் ஒரு வண்ண நாடா சுற்றி, முகப்புப் பலகையிலிருந்து தொங்கவிட்டிருந்தான். அந்த நிலையில்தான், ஆடி மழை பெய்த ஒரு காலையில், தோப்பின் மோட்டார் அறையில் ஈரத்தரையில் நின்று ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தவன் மின்சாரம் தாக்கி விழுந்தான். கம்பிகளின் வழி அறிந்தவனைக் கம்பியே கொண்டுபோயிற்று.

செல்வப்பிரியாவுக்கு அந்த வேலை புதிதன்று. திருமணத்திற்கு முன் கோயம்புத்தூரில் ஒரு வண்டி உதிரிபாகக் கடையின் முகப்பில் நின்றவள் அவள். சந்துருவைக் கண்டதும் அங்கேதான். ஆகவே அவள் கணவனின் வண்டிக்குள் இறங்கியதில் வியப்பில்லை. அவள் வேலை செய்த முறையே வேறாக இருந்தது. முடிந்துவிடாதபடி அவள் செய்தாள்.

ஒன்று நிறைவுறும் தறுவாயில் மற்றொன்றைத் தொடங்கினாள். கம்பிகளை இணைத்து முடித்தபோது, முகப்பு விளக்குகளுக்குத் தனி ரிலே வைக்க வேண்டும் என்று பாதியைப் பிரித்தாள். பழைய பற்றவைப்பு முனைகளுக்கு மாற்றாக மின்னணுக் கருவி பொருத்தினாள். ரேடியேட்டருக்கு மின்விசிறி வைத்தாள். வைத்த பின், மலையேற்றத்திற்கு ரேடியேட்டரின் உள்வரிசையே போதாது என்று முழுவதையும் கழற்றினாள். முன்சக்கரங்களின் பிரேக்கைத் டிஸ்க் பிரேக்காக மாற்றினாள். வெடித்த கண்ணாடி இழையை ஒட்டித் தேய்த்து, சந்துரு விரும்பிய மயில் கழுத்து நிறத்தைப் பூசினாள். காய்ந்ததும் சாய்வெயிலில் பார்த்து, ஒரு கதவின் சாயல் வேறுபடுகிறது என்று மீண்டும் தேய்த்தாள். பொய்யாகச் செய்தது ஒன்றும் இல்லை. ஒவ்வொன்றும் வண்டிக்கு நன்மையே செய்தது. ஆயினும் ஒவ்வொரு நன்மையும் தன்னை அந்த வீட்டில் இன்னும் சில நாள் இருத்திவைக்கும் முளை என்பதை அவள் அறிவாள்.

ஜானகியம்மாளும் அறிவார். எப்போது அறிந்தார் என்பதுதான் தெரியாது. சந்துரு இருந்த காலத்தில் மருமகளோடு அவர் அதிகம் ஒட்டியதில்லை. "ஏ புள்ள" என்பதே அழைப்பு. அவளுடைய தென்னாட்டு மலைத்தோட்டப் பேச்சு அவருக்குக் கேலிப்பொருள். "இங்கனயாம், அங்கனயாம். இங்கெ அங்கென்னு சொன்னா வாய் சுளுக்கிக்குமா?" என்பார். மகன் போன பிறகு அவர் கொட்டகையின் நிலையோரம் வந்து உட்காரத் தொடங்கினார். புளியை உடைத்துக் கொட்டை நீக்கியபடியோ, ஓலையிலிருந்து ஈர்க்குக் கிழித்தபடியோ இருப்பார். சில நாள் ஏதோ பதிகத்தின் ஓரடியை முணுமுணுப்பார். அடுத்த அடி வாராமல் நிறுத்திவிடுவார்.

ஒருநாள் செல்வப்பிரியா டிஸ்ட்ரிபியூட்டரின் இரண்டு கொக்கிகளை நெம்பி மூடியைத் திறந்து, உள்ளிருந்து கட்டைவிரல் அளவான ஒரு பொருளை எடுத்துத் துடைத்தாள்.

"அதென்ன புள்ள, மருந்தூத்தற பாலாடையாட்ட?"

"ரோட்டர், அத்தை. உள்ளுக்குள்ள சுத்திக்கிட்டே நாலு பிளக்குக்கும் நெருப்பப் பங்கு வச்சுக் குடுக்கும்."

"அது இல்லீனா?"

"இது இல்லன்னா வண்டி கெடந்து இருமும். ஓடாது."

சொன்னவள், துடைத்த ரோட்டரைத் திரும்பப் பொருத்தவில்லை. ஒரு துணித்துண்டில் சுற்றித் தன் இடுப்பில் செருகிக்கொண்டு, மூடியை மட்டும் மாட்டினாள். ஜானகியம்மாளின் கைகள் புளியில் நின்றன. மருமகளை நிமிர்ந்து பார்த்தார்.

"பத்தரமா வெய்யி," என்றார். பிறகு கொட்டையைத் தனியாகவும் சதையைத் தனியாகவும் இடத் தொடங்கினார்.

குப்பண்ணன் மாதம் ஒருமுறை வந்து நிற்பார். மூத்த மகன் தனபாலின் பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தனர். வருகிறவர்கள் வீட்டைச் சுற்றிப் பார்க்கையில், கொட்டகையில் கையெல்லாம் கிரீஸோடு நிற்கும் இளம் விதவையைக் கண்டு, வெளியே போய் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது அவர் காதுக்கும் வந்திருக்க வேண்டும்.

"இன்னும் என்ன பாக்கி, அம்மணி?"

"சீட்டு தைக்கணுங்க மாமா. நவ்ஷாத் அண்ணன் எடுத்துட்டுப் போயிருக்காரு. மேல் துணியும் மாத்தணும், மழ பெஞ்சா உள்ளார ஒழுகும்."

"மழைக்கு முந்தி ஆகுமா?"

"பாக்கணுங்க."

"ம். அந்தக் காலத்துல ஒரு கோயல் தேரே ஆறு மாசத்துல செஞ்சு ஓட்டிருக்கறாங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். அது கேலியா வருத்தமா என்று அவளால் பிரித்தறிய முடியவில்லை.

நவ்ஷாத், வேலந்தாவளம் முக்கில் வண்டிப் பட்டறையும் சீட்டு தைக்கும் கடையும் வைத்திருப்பவன்; சந்துருவின் பள்ளித் தோழன். அவள் கேட்டதை எல்லாம் கொண்டுவந்து கொடுத்தான். தூக்க முடியாததைத் தூக்கினான். ஆனால் வண்டி முடிந்தால் அவள் போக வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாது. வீட்டுக்குள் பேசியதை வாசல் தாண்டிக் கொண்டுபோவது அந்தக் குடும்பத்தில் வழக்கமன்று. உடன்பிறந்தான் போன்றவனே ஆனாலும், 'என்னைப் போகச் சொல்கிறார்கள்' என்று சொன்னால் அது சந்துருவின் தகப்பனாரைத் தெருவில் நிறுத்துவதாகும் என்று அவள் கருதினாள். ஆகவே தாமதத்திற்கு ஒவ்வொரு முறையும் வண்டியின்மேலேயே காரணம் சொன்னாள். அவனும் அதை நம்பி, பாவம், தனியாக இவ்வளவையும் இவள் எப்படி முடிப்பாள் என்று உள்ளே உருகினான்.

ஆண்டுத் திதி வந்தது. வீட்டார் அனைவரும் விடியலிலேயே பேரூருக்குப் புறப்பட்டனர். நொய்யற்கரையில் பிண்டம் வைத்து, நீரில் கரைத்து, பட்டீசுவரரைத் தொழுது நின்றபோது, ஜானகியம்மாள் தமக்கு வாராதிருந்த பதிகத்தின் அடுத்த அடியை அங்கே நினைவு கூர்ந்தார். குரல் உடைந்து, இறுதிவரை பாடி முடித்தார். குப்பண்ணன் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். செல்வப்பிரியா கருவறை விளக்கையே பார்த்தாள். கேட்பதற்கு அவளிடம் ஒன்றே இருந்தது. அதையும் கேட்கக் கூசினாள்.

பிற்பகல் வீடு திரும்பியபோது, தோப்பு முகப்பிலேயே அவர்கள் காதில் அந்த ஒலி விழுந்தது. இருமல் இல்லை, திணறல் இல்லை. நன்றாக உண்டு உறங்கிய விலங்கின் மூச்சுப் போன்ற சீரான, தணிந்த முழக்கம். கொட்டகைக்கு வெளியே, வெயிலில், மயில் கழுத்து நிறம் மின்ன அந்தச் சிறு கார் நின்றது. புதுத்தோல் போர்த்திய இரண்டு இருக்கைகளும் பொருத்தப்பட்டிருந்தன. முன்புறத்தில் ஒரு செவ்வந்தி மாலை. அருகில் நவ்ஷாத், நெற்றி வியர்வையைத் துடைத்தபடி சிரித்துக்கொண்டு நின்றான்.

"தங்கச்சி, ஒண்ணும் சொல்லாதீங்க. அவன்ற திதி அன்னிக்கு அவன்ற வண்டி ஓடோணும்னு நான் நேர்ச்ச வெச்சிருந்தேன். காலைல இருந்து நானும் பட்டறப் பசங்களும் உக்காந்து எல்லாத்தையும் சேத்து முடுக்கிட்டோம். ஒரு ரோட்டரு மட்டும் காணோம். எங்கியோ கை தவறிப் போச்சாட்ட இருக்குது. புத்தம் புதுசா நானே ஒண்ணு போட்டுட்டேன். சாவி போட்டதும் புடிச்சுக்கிச்சு பாருங்க! என்ன கைப் பக்குவம் தங்கச்சி உங்குளுது! அவன் இருந்தாக்கூட இப்படிப் பண்ணிருக்கமாட்டான்."

தனபால் தொண்டையைச் செருமிக்கொண்டு வீட்டுக்குள் போனான். நவ்ஷாத்தின் சிரிப்பு மெல்லச் சுருங்கியது. துக்கத்தால் பேச்சற்று நிற்கிறார்கள் என்று எண்ணி, தானும் கண் கலங்கி, வண்டியை அணைத்து, சாவியை அவள் கையில் கொடுத்தான். அவள் வாங்கிக்கொண்டாள். "நல்லா இருக்குண்ணா," என்றாள். அவன் ஓர் ஆண்டு சுமந்த அன்பை அவள் அந்த இரண்டு சொற்களுக்குமேல் தாங்க முடியாமல் உள்ளே போய்விட்டாள்.

மாலையில் குப்பண்ணன் விளக்கேற்றிய மாடத்தருகே நின்று சொன்னார்: "நாளன்னிக்கு நாள் நல்லாருக்குது. பிரதீப்புக்குப் போன் பண்ணிச் சொல்லிரு, அம்மணி."

ஜானகியம்மாள் அடுப்படியிலிருந்து வந்தார். "ஏனுங்க, ஆடி கழியட்டுமே. ஆடில யாராச்சும் பொண்ணப் பயணம் அனுப்புவாங்களா?"

"இது கண்ணாலப் பயணமில்ல ஜானகி."

அம்மாள் அடுப்படிக்கே திரும்பினார். அவர் கணவரிடம் இரண்டாம் முறை எதையும் கேட்டறியாதவர்.

குறித்த நாளின் காலை, காற்று சற்று ஓய்ந்திருந்தது. செல்வப்பிரியாவின் உடைமைகள் ஒரே பெட்டியில் அடங்கின. அதைத் தனபால் கொண்டுவந்து கொட்டகைத் திண்டின்மேல் வைத்தான். வழியனுப்பும் பூசைக்கு வேண்டியதைக் குப்பண்ணனே எடுத்துவைத்தார்: சக்கரத்தடியில் நசுக்க எலுமிச்சை, சுற்றி உடைக்கப் பூசணி, சூடம். வண்டியின் காற்றும் நீரும் பார்த்துக் கொடுக்க வந்த நவ்ஷாத், பெட்டியைக் கண்டான்.

"எங்க பொறப்பாடு, தங்கச்சி?"

"சூரியநெல்லிக்குண்ணா."

"நல்லது. உடுமலை வழிதான் நல்லது. எப்ப வருவீங்க?"

அவள் பூசணியைப் பார்த்தாள். தனபால் தன் கைப்பேசியைப் பார்த்தான். குப்பண்ணன் சூடத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். நவ்ஷாத் ஒவ்வொரு முகமாகப் பார்த்து வந்து, இறுதியில் வண்டியைப் பார்த்தான். அதன் முன்புறத்துச் செவ்வந்தி மாலை வாடியிருந்தது.

"வண்டி முடிஞ்சா..." என்று தொடங்கியவன் அதை முடிக்கவில்லை. அவள் அருகில் வந்து, பிறர் கேளாதபடி, "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே. ஒரே ஒரு வார்த்த," என்றான்.

"என்னன்னு சொல்றது?" என்றாள் அவள்.

சூடம் ஏற்றியாயிற்று. அவள் அமர்ந்து சாவியைத் திருப்பினாள். வண்டி இருமியது. மீண்டும் திருப்பினாள். மீண்டும் இருமியது, தொண்டையில் முள் சிக்கியதுபோல இழுத்து இழுத்து ஓய்ந்தது. நவ்ஷாத் பானெட்டைத் தூக்கினான். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் ஒரு கொக்கி சரியாக மாட்டப்படாமல் தொங்கிற்று. திறந்தான். முந்தாநாள் அவன் தன் கையால் போட்ட புது ரோட்டர் அங்கே இல்லை.

குப்பண்ணன் நெருங்கி வந்து எட்டிப் பார்த்தார். அவருக்கும் புரிந்தது. மருமகளைத் திரும்பிப் பார்த்தபோது அவர் கண்ணில் சினத்தைவிடக் களைப்பே மிகுந்திருந்தது.

"நீ எடுத்து வெச்சுட்டயா, அம்மணி?"

செல்வப்பிரியா விடை சொல்ல வாயெடுத்தவள், நிலையோரம் நின்ற மாமியாரைக் கண்டாள். அம்மாளின் வெளிர்நிறச் சேலை முந்தானையில் ஒரு முடிச்சு. முடிச்சைச் சுற்றிலும் கரிய கிரீஸ் கறை. அதை மறைக்கவும் தெரியாமல் அவர் கையால் பொத்திக்கொண்டிருந்தார். கை விரல்களிலும் கறை. வண்டியின் பக்கம் கை நீட்டியே அறியாத அந்தப் பெண்மணி, எல்லாரும் உண்டு ஓய்ந்த ஏதோ ஒரு வேளையில் தனியே வந்து, புளி உடைத்தபடி ஓராண்டு பார்த்துப் பழகிய இரண்டு கொக்கிகளையும் நெம்பியிருக்கிறார்.

"ஆமாங்க மாமா," என்றாள் செல்வப்பிரியா. "தேஞ்சிருந்துச்சு. எடுத்துப் போட்டுட்டேன். வழில நின்னுருமேன்னு. புதுசு மாத்தணும்னு இருந்தேன், மறந்துட்டேங்க."

நவ்ஷாத் தலை நிமிர்ந்தான். ரோட்டர் புதிது என்று அவனுக்குத் தெரியாதா? வாயை மூடிக்கொண்டான்.

"மறந்துட்ட," என்றார் குப்பண்ணன். "நவுசாத்து, உன்ற கடைல இருக்குமா அது?"

"இருக்குமுங்க," என்றான் அவன் தயங்கி. பொய் சொல்ல அவனுக்கு அவகாசம் போதவில்லை. பழைய வாடகைக் கார்கள் பலவற்றிலும் இருப்பது அந்த ரோட்டர். முக்கில் எந்தக் கடையிலும் கிடைக்கும். ஒரு தாய் ஓராண்டு எண்ணித் துணிந்த செயலுக்கு அரை மணி நேரத்தில் மாற்று உண்டு. "இன்னிக்குச் சந்தைங்க. மாட்டு வண்டியும் ஜனமும் ரோட்ட அடச்சு நிக்கும். சித்த நேரமாகும்."

"ஆகட்டும். போயிட்டு வா."

அவன் பைக்கை உதைத்துக் கிளம்பினான். வேலந்தாவளம் பாதையில் இத்தனை மெதுவாக அவன் போனதை எவரும் கண்டதில்லை. தனபால் தோப்புக்குள் போனான். குப்பண்ணன், அணைந்த சூடத்தின் தட்டோடு வாசற்படியில் போய் அமர்ந்து, முதுகைக் காட்டிக்கொண்டார்.

செல்வப்பிரியா ஓட்டுநர் இருக்கையிலேயே இருந்தாள். ஜானகியம்மாள் மெல்ல வந்தார். மறுபக்கக் கதவின் அருகில் நின்று, எப்படித் திறப்பது என்று தடவினார். அவள் உள்ளிருந்து திறந்துவிட்டாள். அத்தனை தாழ்ந்த வண்டிக்குள் இறங்க அவர் முழங்கால்கள் ஒப்பவில்லை. கதவைப் பற்றி, முனகி, ஒருவாறு சரிந்து அமர்ந்தார். இரண்டாம் இருக்கையில் முதன்முதலாக ஒருவர் உட்கார்ந்தது அப்போதுதான்.

"குழிக்குள்ள உக்காந்தாப்ல இருக்குது," என்றார்.

"அப்படித்தான் அத்தை இருக்கும். ஓடும்போது தெரியாது."

"காலு நீட்டிக்க எடம் இருக்குது. பரவால்ல."

"உங்களுக்காகத்தான் அந்த சீட்டக் கொஞ்சம் பின்னால தள்ளி மாட்டச் சொன்னாரு. அம்மாவுக்கு முட்டி வலிக்கும்னு."

ஜானகியம்மாள் முகப்புக் கண்ணாடியின் வழியே நேரே பார்த்தார். எதிரில் தோப்பும், தோப்புக்கு அப்பால் மோட்டார் அறையின் ஓட்டுக் கூரையும் தெரிந்தன. அவர் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பின், முந்தானை முடிச்சை மடியில் வைத்து அவிழ்த்தார். புதிய ரோட்டர் உள்ளங்கையில் கிடந்தது. அதை மருமகளிடம் நீட்டினார்.

"இந்தா. உன்னியப் பொய் சொல்ல வெச்சுட்டேன். போட்டுட்டுப் பொறப்படு, சாமி."

அந்த வீட்டில் அடியெடுத்து வைத்தது முதல் அவள் கேளாத அழைப்பு அது. செல்வப்பிரியா அதை வாங்கவில்லை. குனிந்து, தன் கைப்பையைத் துழாவி, ஒரு துணிச்சுருளை எடுத்துப் பிரித்தாள். பழைய ரோட்டர்.

"எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு, அத்தை."

அம்மாள் அதையும் பார்த்தார், தம் கையில் இருந்ததையும் பார்த்தார். திடீரென்று அவருக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். அது எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று அருகில் இருந்தவளுக்கும் தெரியவில்லை. வாசற்படியில் இருந்த குப்பண்ணன் திரும்பவில்லை. ஆனால் அவர் கழுத்து விறைத்தது.

செல்வப்பிரியா, மாமியாரின் விரல்களை மடித்து ரோட்டரின்மேல் மூடினாள். அவரே கட்டியிருந்த முடிச்சை மீண்டும் கட்டினாள். தன்னுடையதைத் துணியில் சுற்றிப் பைக்குள் போட்டாள்.

"இருக்கட்டும் அத்தை. நவ்ஷாத் அண்ணன் வரட்டும்."

"வரட்டும்," என்றார் அவர்.

இருவரும் அப்படியே அமர்ந்திருந்தனர். கணவாய்க் காற்று மீண்டும் எழுந்து, தோப்பின் உச்சிகளை மலைகளின் திசையிலிருந்து சமவெளியின் திசைக்குச் சாய்த்தது. வண்டியின் நிழல் இடப்புறமிருந்து அடிக்குள் ஒடுங்கியது. ஒருமுறை ஜானகியம்மாள் கையை நீட்டி, முகப்புப் பலகையில் இருந்த சிறு பொத்தானைத் தொட்டார். மேலே தட்டினார், ஒன்றும் நிகழவில்லை. கீழே தட்டினார், முகம் படும்படி வைத்திருந்த சின்ன விசிறி சுழன்றது.

"இத நேரா மாட்டிருக்கறயே," என்றார்.

"நான் மாட்டினதில்ல அத்தை. நவ்ஷாத் அண்ணன் மாட்டுனது," என்றாள் அவள்.

தோப்பு முகப்பில் பைக்கின் ஒலி கேட்டது. அது வளைவில் ஒருமுறை நின்றது. பின் வேறு வழியின்றி வந்து சேர்ந்தது. குப்பண்ணன் எழுந்து புதிய சூடத்தை வைத்தார். செல்வப்பிரியா இறங்கி, நவ்ஷாத் நீட்டிய பொட்டலத்தை வாங்கிப் பிரித்து, ரோட்டரைத் தானே பொருத்தி, இரண்டு கொக்கிகளையும் மாட்டினாள். கொக்கிகள் இறுகிய ஒலி இரண்டு முறை கேட்டது.

"எறங்குங்க அத்தை," என்றாள். பெட்டியை வைக்க வேறு இடம் இல்லை.

ஜானகியம்மாள் கதவைப் பற்றி எழ முயன்றார், முடியவில்லை. நவ்ஷாத் ஒரு கையும் அவள் ஒரு கையுமாகப் பிடித்துத் தூக்கிவிட்டனர். அவர் அமர்ந்திருந்த இடத்தில் புதுத்தோல் மெல்லக் குழிந்திருந்தது. அதன்மேல் தனபால் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தான்.

அவள் சாவியைத் திருப்பினாள். முதல் திருப்பிலேயே இயந்திரம் பிடித்துக்கொண்டது. அவ்வளவு நன்றாக அவள் அதைச் செய்து முடித்திருந்தாள்.